பிழைத்தது

இரட்டைக் குழந்தைகள், டயபர் மாறிப்போய்விட்டது என்று எல்லாரும் சொன்ன கதையை ஏழு வருஷமாக அவர் நம்பியும் நம்பாமலும்தான் இருந்தார்.

அச்சகத்தில் பிழை திருத்துகிறவர். அடுத்தவர் பிழையில்தான் அவருடைய பிழைப்பே.

குறைமாதத்தில் பிறந்த அவருடைய பிள்ளைகள் இரண்டும் அப்போது ஆஸ்பத்திரியில் கண்ணாடிப் பெட்டியில் இருந்தன. பிஞ்சுக் குடலைத் தாக்கும் ஒரு பொல்லாத நோயை, மலத்தைச் சோதித்தே முன்கூட்டிக் கண்டுபிடிக்க முடியுமா என்று அங்கே ஓர் ஆராய்ச்சி நடந்தது. பெரியதுக்கு மட்டும் சம்மதக் கையெழுத்துப் போட்டார்.

"சின்னதுக்கும் போட்டுடுங்க சார்," என்றாள் நர்ஸ். "நேத்துல இருந்து பால் உள்ள போனாலே முகத்தைச் சுளிக்குது. டாக்டர்கிட்ட சொன்னேன், பார்க்கலாம்னார். எனக்குத்தான் மனசு கேக்கல."

"பெரியதுதான் நோஞ்சான். சின்னது கல்லுக்குண்டு. அதை உங்க ஆராய்ச்சிக்கு விட மாட்டேன்."

"ஊசியா குத்தப் போறோம்? தூக்கிப் போடுற டயபர்ல இருந்து துளியூண்டு எடுக்கப் போறோம்."

"என் பிள்ளை கழிச்சதும் என் சொத்துதான் சிஸ்டர்!"

மறுநாள் மாலை பெரிய டாக்டர் கூப்பிட்டார்.

"ஒரு தவறு நடந்துடுச்சு. பெரியதுன்னு நினைச்சு, சின்னதோட டயபர்ல இருந்து எடுத்துட்டாங்க."

அவருக்கு ரத்தம் தலைக்கேறியது. "அந்தம்மாவுக்குக் கண்ணு முதுகுலயா இருக்கு?"

"முழுசாக் கேளுங்க. குடல் புண்ணாகிறதுக்கான அறிகுறி அதுல எக்கச்சக்கம். உடனே எக்ஸ்ரே எடுத்தோம். நோய் ஆரம்பிச்சிருக்கு. பாலை நிறுத்திட்டு மருந்து ஏத்துறோம். வயிறு வீங்குற வரைக்கும் விட்டிருந்தா..."

அவர் காதில் முதல் வாக்கியம்தான் நின்றது. அங்கேயே உட்கார்ந்து, ஒரு ஒற்றுப்பிழைகூட இல்லாமல் இரண்டு பக்கத்துக்குப் புகார் எழுதிக் கொடுத்துவிட்டுத்தான் எழுந்தார்.

கத்தி வைக்காமலே சின்னது பிழைத்தது.

அதற்குள் நர்ஸைத் தடுப்பூசி அறைக்கு மாற்றியிருந்தார்கள். 'ரெட்டைப் பிள்ளைங்க, அசதியில மாத்தி எடுத்துட்டேன்' என்று எழுதிக் கொடுத்துவிட்டுப் போனாளாம்.

புகாரைத் திரும்ப வாங்கிவிடலாம் என்று அவரும் நினைத்தார். நினைத்ததோடு சரி.

போன வாரம் பள்ளிக்கூடத்தில் தடுப்பூசிச் சீட்டு கேட்டார்கள். ஆஸ்பத்திரிக்குப் போனால், தடுப்பூசி அறையில் அதே நர்ஸ். தலைதான் நரைத்திருந்தது. வெளியே பெஞ்சில் பிள்ளைகள் இரண்டும் இடத்துக்கு அடித்துக்கொண்டிருந்தன.

அவள் எட்டிப் பார்த்துச் சிரித்தாள். "சின்னது நல்லாச் சாப்பிடுதா சார்?"

"கல்லைத் தின்னாலும் செரிக்குது." அவர் தொண்டையைச் செருமினார். "சிஸ்டர், அந்தப் புகார்..."

"விடுங்க சார். தப்புப் பண்ணினது நான்தானே!"

சீட்டை நீட்டினாள். அவர் வாங்கவில்லை. பெஞ்சையே பார்த்தார். பிறகு, ஏழு வருஷமாக நெஞ்சில் இடித்துக்கொண்டிருந்ததை மெல்லக் கேட்டார்.

"டயபரைப் பிரிச்சுத்தானே சிஸ்டர் எடுத்தீங்க... பையன் எது, பொண்ணு எதுன்னு கூடவா உங்களுக்குத் தெரியாமப் போச்சு?"