முழங்கால் உயரக் கதவு

குனிந்துதான் வாங்க வேண்டுமாம். அதுதான் இங்கே விசேஷமாம்.

பங்களாவின் பின்சுவரில், முழங்கால் உயரத்தில், ஒரு சின்ன மரக்கதவு. திறக்கிறது. உள்ளேயிருந்து ஒரு தட்டு வெளியே வருகிறது. தட்டில் டபரா டம்ளரில் நுரைத்த காபி.

ஜனங்கள் குந்தி உட்கார்ந்து, கையை நீட்டி வாங்குகிறார்கள். சிரிக்கிறார்கள். செல்பி எடுத்துக்கொள்கிறார்கள்.

தூ.

அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

முன்வாசல் வழியாக வந்தபோது ஒன்றும் பிடிபடவில்லை. தூண்கள், தொங்கும் விளக்கு, சந்தனம் நீட்டிய ரிசப்ஷன் பெண். எந்தப் பழைய பங்களாவும் ஹோட்டலானால் இப்படித்தான் இருக்கும் என்று நினைத்தாள். இந்த வீட்டின் முன்பக்கத்தை அவள் பார்த்ததே கிடையாது.

பின்பக்கம் தெரியும். இந்தச் சந்து தெரியும். இப்போது புல் வளர்த்து மேசை போட்டிருக்கிறார்கள்.

அந்தக் கதவுக்குப் பின்னால் இருந்தது எடுப்புக் கக்கூஸ்.

விடிந்ததும் அம்மா இதே இடத்தில் குந்துவாள். இதே கதவைத் திறந்து, கையை உள்ளே விட்டு, மலம் நிறைந்த வாளியை இழுப்பாள். பக்கத்தில் சாம்பல் கூடையோடு சிறுமியாக இவள் நிற்பாள்.

கதவுக்கு வார்னிஷ் வேறு அடித்திருக்கிறார்கள். கண்றாவி.

"அவங்க தாத்தா பங்களாவாம்மா. ஆசையா கூப்பிட்டிருக்காங்க. நாம யாருன்னு இதுவரைக்கும் கேக்கல. நீயா பழசு எதையும் கிளறாத" என்று காரில் கெஞ்சியிருந்தாள் எழில். ஒரே மகள். இந்தப் பையன் இல்லையென்றால் கல்யாணமே வேண்டாம் என்று நிற்கிறவள்.

அதனால் அவள் வாயைத் திறக்கவில்லை. டம்ளரையும் தொடவில்லை.

எழில் ரசித்துக் குடித்தாள். மாப்பிள்ளை குந்தி உட்கார்ந்து இன்னொன்று வாங்கி வந்தான்.

மாப்பிள்ளையின் அம்மா மட்டும் குடிக்கவில்லை. கொண்டுவந்த வளையலை எழிலுக்குப் போட்டுவிட்டு, அந்தக் கையை விட மனமில்லாமல் தன் மடியிலேயே வைத்துத் தடவிக்கொண்டிருந்தாள்.

"நீங்களும் குடிக்கலையா சம்பந்தி? நல்லதாப் போச்சு." சிரித்தபடி குரலைத் தாழ்த்தினாள். "நான் பொறந்து வளந்த வீடு. அது என்ன கதவுன்னு இதுங்களுக்கு என்ன தெரியும்? சின்னப் புள்ளையில உள்ள உக்காந்திருப்பேன். கீழேருந்து ஒரு கை வரும் பாருங்க, சாம்பலும் அதுவுமா... அலறிக்கிட்டு ஓடுவேன். இன்னைக்கு நெனச்சாலும் குமட்டுது, அந்தக் கை."

எழில் அம்மாவைப் பார்த்தாள். வேண்டாம் என்று கண்ணாலேயே கெஞ்சினாள்.

எழிலுக்காக, கிளறக் கூடாது என்றுதான் வந்தாள். ஆனால் வாளியில் இருந்தது இவர்களுடையது. இவர்களுக்குக் குமட்டுவது அந்தக் கையாம்.

"அது எங்கம்மா கை" என்றாள்.

தடவிக்கொண்டிருந்த விரல்கள் நின்றன.

மாப்பிள்ளையின் அம்மா மெல்லக் குனிந்து, தன் மடியில் இருந்த கையைப் பார்த்தாள்.