செட்டு மாத்திரை

சைக்கிள் பந்தயம் கிளம்ப இன்னும் ஐந்து நிமிடம். மரக்காணம் உப்பளத்தில் பட்ட வெயில் சாலைக்கு ஏறிவந்து கண்ணைக் குத்துகிறது. கௌதமனின் வலது முட்டி நேற்றைய பயிற்சியில் தேங்காயளவு வீங்கிவிட்டது. இன்று முதல் பத்துக்குள் வந்தால்தான் அணியில் அடுத்த வருடமும் இடம். பாத்தியில் உப்பு வாரிக்கொண்டிருந்த அக்கா அம்சவள்ளி, பலகையைப் போட்டுவிட்டு ஓடிவந்து முந்தி முடிச்சை அவிழ்க்கிறாள். காகிதப் பொட்டலத்தில் மூன்று மாத்திரைகள்: மஞ்சள், வெள்ளை, மிளகளவு ரோஸ். மருந்துக்கடையில் "முட்டி வலி, ஒரு செட்டு" என்றால் மடித்துக் கொடுப்பது. பெயர் கேட்டால் கடைக்காரருக்குக் கோபம் வரும். "போட்டுக்கடா. அரை மணி நேரத்துல முட்டி இருக்குறதே தெரியாது." "இந்த ரோஸ் இன்னாக்கா?" "அதுதான்டா வேலையே செய்யுது!"

அதுதான் அவனுக்குப் பயம். அது ஸ்டீராய்டாக இருந்தால் வருடக்கணக்கில் தடை. எதிரே குடையடியில் ஊக்கமருந்துச் சோதனைக்காரர் ஒருவர், பந்தயம் முடிந்து திரும்புகிறவர்களிடம் சிறுநீர் பிடிக்க டப்பாக்களை அடுக்குகிறார். கௌதமனின் உள்ளங்கை வியர்வையில் ரோஸ் சாயம் இறங்குகிறது. முட்டி விண்விண்ணென்று தெறிக்கிறது. வாய்வரை போன கை நிற்கிறது. "வேணாம்க்கா. டப்பா நீட்டுவாங்க, மாட்டிக்குவேன்." அம்சவள்ளி குடையைப் பார்க்கிறாள், வாராமல் கிடக்கும் பாத்திகளைப் பார்க்கிறாள். மூன்றையும் வாங்கித் தன் வாயில் போட்டு, தண்ணீரில்லாமல் விழுங்குகிறாள். "என்கிட்ட எவன்டா நீட்டப்போறான்?" விசில் ஊதுகிறது. அவன் பல்லைக் கடித்து மிதிக்கிறான். அவள் வலிக்கும் தன் முட்டியில் கையூன்றி, பாத்திக்குள் இறங்குகிறாள்.