துணைக்கு வந்தவர்

"ராத்திரி ஷிஃப்டு உண்டா, இல்லியா? அத மட்டும் சொல்லு."

ஓட்டல் வாசலில் வண்டியை நிறுத்தும்போதும் மறுபடி அதையே கேட்டார் தெய்வசிகாமணி.

"இருக்கும்ப்பா. ரிசப்ஷன்னா எல்லா ஷிஃப்டும் மாறி மாறி வரும்" என்றாள் அன்புசெல்வி.

"கூடப் படிச்சதுங்க கம்ப்யூட்டர் கம்பெனி, பேங்க்குன்னு போவுது. நீ யுனிவர்சிட்டி வரைக்கும் போய் டூரிசம் படிச்சிட்டு, ஓட்டல்ல நிக்கிறேன்ற. நம்ம வீராம்பட்டினத்துல ஒருத்தன் வாய மூட முடியுமா?"

அவள் வண்டியிலிருந்து இறங்கினாள். கடற்கரைச் சாலையில் இருக்கும் இந்த ஓட்டலில் வேலைக்குச் சேர வேண்டும் என்பது கல்லூரியில் காலெடுத்து வைத்த நாளிலிருந்து அவளுக்கு இருந்த ஆசை. ஆனால் நேர்முகத் தேர்வுக்கு அழைப்பு வந்ததிலிருந்து அப்பா சரியாகச் சாப்பிடவில்லை. மீன் ஏலத்தில்கூடப் பித்துப் பிடித்தவர் மாதிரி நின்றார் என்று அம்மா சொன்னாள்.

"நீ இந்த சோபாவுல உக்காருப்பா. நான் வந்துடறேன்."

நேர்முகத் தேர்வு அறையிலிருந்து சீக்கிரமே வெளியே வந்துவிட்டாள். சோபாவைச் சுற்றி ஆட்கள் நின்றிருந்தார்கள். நடுவில் அப்பா, முகம் வெளிறிப்போய்.

"அப்பா!"

"ஒண்ணுமில்ல பாப்பா. தண்ணி குடிக்கலாம்னு எழுந்தேன், தல சுத்திடுச்சு. தோ, அந்த ரிசப்ஷன் பொண்ணுதான் ஓடியாந்து தாங்கிப் புடிச்சி, ஜூஸ் குடுத்துச்சு."

வாசலுக்கு வந்ததும் அவர் குரல் தணிந்தது.

"முத்தியால்பேட்ட பொண்ணாம். ராத்திரி வேல பயமில்லியாம்மான்னு கேட்டேன். வீட்டு வாசல் வரைக்கும் ஓட்டல் காருலயே வுட்டுடுவாங்களாம். அவங்கப்பாவும் மொதல்ல என்னமாரியே குதிச்சாராம்."

சிரித்தார்.

"மீன் வாடையோட மேல சாஞ்சவன அது மொகம் சுளிக்காமத் தாங்குச்சு. இதுல என்ன கேவலம்? ஊரு பேசினா பேசிட்டுப் போவுது. நீ சேந்துடு பாப்பா."

அன்புசெல்வியின் கண்கள் நிறைந்துவிட்டன.

"ஏம்மா, கேள்வி கஷ்டமா கேட்டுட்டாங்களா?"

"இல்லப்பா. திங்கக்கிழமையே வந்து சேந்துடுன்னாங்க." அவளால் அவர் முகத்தைப் பார்க்க முடியவில்லை. "நாந்தான்... இந்த வேலையே எனக்குப் புடிக்கல, வேற யாருக்காச்சும் குடுத்துடுங்கன்னு சொல்லிட்டு வந்துட்டேன்."