கிளாஸுக்கு வைத்த பொட்டு

காலிங் பெல் அடித்தபோது ஜெமிமா கடைசி கிளாஸுக்குப் பொட்டு வைத்துக்கொண்டிருந்தாள்.

நெயில் பாலிஷ் ஒரு சொட்டு விரலில் வழிந்தது. அவள் துடைக்கவில்லை.

மாதர் சங்கத்துப் பெண்கள் சொன்ன நேரத்துக்கு முன்பே வந்துவிட்டார்கள். கூடத்தில் நாற்காலிகள் இழுபடும் சத்தம். மாமியார் ஞானமணியின் குரல் ஒவ்வொருவராக விசாரித்து உட்கார வைத்தது. பாஸ்டர் ஐயாவும் தெருமுனைக்கு வந்துவிட்டாராம்.

இன்று வீட்டில் ஸ்தோத்திரக் கூட்டம். ஜெமிமாவுக்கு டிபி குணமானதற்காக.

அவள் கிளாஸ்களை அலமாரியில் வரிசையாகக் கவிழ்த்து வைத்தாள். இந்த வீட்டில் கிளாஸைக் கவிழ்த்துத்தான் வைக்க வேண்டும். அது மாமியாரின் சட்டம். கல்யாணமாகிச் சித்தூருக்கு வந்த வாரமே அதற்காகப் பேச்சு வாங்கியிருக்கிறாள்.

"மல்லாத்தி வெச்சா பல்லி வந்து வாய வெக்கும். உங்க ஊரு குடிபாலாவுல பல்லியே இல்லியா?"

அப்போது அது பல்லிக்காக என்றுதான் நினைத்திருந்தாள்.

ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பிய மறுநாள் வேறு மாதிரி தோன்றியது. கவிழ்ந்திருந்த கிளாஸ்களில் ஒன்றின் அடியில் மட்டும் சிவப்பாக ஒரு பொட்டு. அவளுடைய நெயில் பாலிஷையே எடுத்து வைத்திருந்தார்கள். அந்த கிளாஸ் மட்டும் மற்றவற்றோடு சேராமல் மூலையில் தனியாக இருந்தது. கவிழ்த்து வைத்தால்தானே அடி தெரியும். அலமாரியைத் திறந்ததுமே எது அவளுடையது என்று தெரிந்துவிடும்.

யார் நெற்றியிலும் பொட்டு இல்லாத வீட்டில் ஒரு கிளாஸுக்குப் பொட்டு.

அவள் எதுவும் கேட்கவில்லை. மாமியாரும் எதுவும் சொல்லவில்லை. கணவன் கிளமென்ட்தான் தினமும் ஷோரூமுக்குக் கிளம்பும் முன் அந்த கிளாஸில் பாலை ஆற்றிக் கொண்டுவந்து கொடுப்பான். அம்மாவை எதிர்த்துப் பேச முடியாதவன், இப்படியாவது ஈடு செய்கிறான் என்று அவள் மனம் இளகும்.

இந்த நோய் இருமலில் பரவுமே தவிர, தட்டிலோ கிளாஸிலோ பரவாது என்று டாக்டர் ஆரம்பத்திலேயே சொல்லியிருந்தார். போன வாரம் மாத்திரையையும் நிறுத்தச் சொல்லிவிட்டார். சளியில் கிருமி இல்லை, இனி எல்லோரையும் போல இருக்கலாம் என்றார்.

ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் மாமியார் எழுந்து நின்று, கர்த்தர் என் மருமகளை முழுசாகக் குணமாக்கினார் என்று சாட்சி சொன்னாள். சபையே ஸ்தோத்திரம் சொன்னது.

வீட்டுக்கு வந்ததும் ஜெமிமா அலமாரியைத் திறந்து பார்த்தாள். பொட்டு அப்படியே இருந்தது. மூலையும் அப்படியே.

கர்த்தர் குணமாக்கிய செய்தி அலமாரிக்கு வந்து சேரவில்லை.

பொட்டை அழிக்க ஒரு நிமிஷம் போதும். ஆனால் அழித்தால் மறுபடி வைப்பார்கள். அதனால்தான் இன்று எல்லா கிளாஸுக்கும் வைத்தாள். மூலையில் இருந்ததையும் இழுத்து மற்றவற்றோடு கலந்துவிட்டாள். இனி எது தன்னுடையது என்று அவளுக்கே தெரியாது.

சர்பத் கலக்க மாமியார் உள்ளே வருவாள். ஒன்று, இந்த கிளாஸ்களை எடுப்பாள். இல்லையென்றால் பரணிலிருந்து எவர்சில்வர் டம்ளர்களை இறக்குவாள். டம்ளர் இறங்கினால், கூட்டம் முடிந்த கையோடு ஜெமிமா அம்மா வீட்டுக்கு பஸ் ஏறிவிடுவாள். பை கட்டிலுக்கு அடியில் தயாராக இருந்தது. திரும்பி வருகிற எண்ணம் அவளுக்கு இல்லை.

ஞானமணி வந்தாள். நன்னாரி சர்பத்தைக் கலக்கிவிட்டு அலமாரியைத் திறந்தாள்.

வரிசையாகச் சிவப்புப் பொட்டுகள்.

ஜெமிமா கையைக் கட்டிக்கொண்டு எதிரே நின்றாள். விரலில் இருந்த சிவப்பை மறைக்கவில்லை.

"நான்தான் வெச்சேன், அத்தே. எல்லாத்துக்கும்."

ஞானமணி பொட்டுகளைப் பார்த்தாள். மருமகளின் விரலைப் பார்த்தாள். பரண் பக்கம் தலையைத் திருப்பவே இல்லை. ஒவ்வொரு கிளாஸாக எடுத்து நிமிர்த்தி, சர்பத்தை ஊற்றினாள். உதவிக்கு நீண்ட ஜெமிமாவின் கையைத் தள்ளிவிட்டுத் தட்டைத் தானே தூக்கிக்கொண்டு போனாள்.

ஜெமிமா பின்னாலேயே போய்க் கூடத்து நிலைப்படியில் நின்றாள்.

முதல் கிளாஸை ஞானமணியே எடுத்தாள். பாஸ்டர் ஐயாவுக்கும் முன்னால். அத்தனை பேரும் பார்க்க, அண்ணாந்து ஒரே மூச்சில் குடித்தாள். கிளாஸின் அடியில் பொட்டு பளிச்சென்று தெரிந்தது.

சங்கத்துச் செயலாளர் தபிதாவின் கண்ணிலிருந்து எதுவும் தப்பாது.

"இன்னா ஞானமணிக்கா, நம்மள்ல யாருமே பொட்டு வெக்கறதில்ல. உங்க வூட்டு கிளாஸு வெச்சிக்கினு கீது?"

கூடம் சிரித்தது. பாஸ்டர் ஐயாவும் சிரித்தபடி ஒரு கிளாஸை எடுத்துக்கொண்டார். தட்டு நகர்ந்தது. ஒவ்வொரு கையாக நீண்டது.

ஜெமிமாவுக்கு ஒன்றும் புரியவில்லை. சண்டைக்கென்று வரிந்து கட்டிக்கொண்டு வந்தால், எதிரில் ஆளே இல்லை.

தட்டு கடைசியில் கதவோரம் நின்ற கிளமென்டிடம் வந்தது. தொண்டை கட்டியிருக்கிறது, ஜில்லென்று எதுவும் வேண்டாம் என்றான். தட்டைப் பார்க்காமலே சொன்னான்.

ஞானமணி நகரவில்லை. தட்டில் இன்னும் சில கிளாஸ்கள் இருந்தன. இரண்டு கையாலும் அதை மகனின் நெஞ்சுக்கு நேராக நீட்டினாள். பாஸ்டர் ஐயாவின் காதில் விழுமே என்று குரலைத் தணிக்கவும் இல்லை.

"அன்னிக்கு பொட்டு வெச்சவன் நீதானே நைனா? உம் பொண்டாட்டி கிளாஸு எதுன்னு பாத்து, அத வுட்டுட்டு வேற எடுத்துக் குடி."