அடுப்பின் படம்

தலைக்கவசம் போன்ற கருவியை அவள் தலையில் பொருத்திவிட்டு, நர்ஸ் வேண்டுமென்றே கேட்கிறாள்: "வீட்ல கேஸை மூடினீங்களா, அக்கா?" சந்தேகத்தைக் கிளறிவிட்ட பிறகே, எதையும் ஓயாமல் சரிபார்க்க வைக்கும் அவள் நோய்க்கு மூளையில் காந்தத் துடிப்பு கொடுக்க வேண்டும், தினமும் இதுதான் முறை. அவள் விரல்விட்டு எண்ணிப் பார்க்கிறாள். ஆறு முறை பார்த்தேனே, ஆறாவது முறை சரியாகப் பார்த்தேனா? சன்னல் திரையைத் தாண்டி வந்த வெயில் அவள் முழங்காலில் நெளிகிறது. எதிரே உட்கார்ந்திருக்கும் கணவனுக்குப் பொறுக்கவில்லை. கைபேசியை நீட்டுகிறான். "இதோ பாரு, கிளம்பும்போதே அடுப்பைப் போட்டோ எடுத்து வெச்சிருக்கேன்." நர்ஸ் பாய்ந்து வந்து கைபேசியின் திரையைக் கையால் மறைக்கிறாள். "கெடுத்தீங்க போங்க சார்! உங்களுக்கும் ஒரு சிகிச்சை நாற்காலி போடணும் போல." பார்த்துவிட்டால் இன்றைய சிகிச்சை வீண். ஆனாலும் அவள் கழுத்து தானாக நீள்கிறது. கருவி டக்டக்கென்று நெற்றியைக் கொத்தத் தொடங்குகிறது, புருவம் துள்ளுகிறது. அவள் கண்களை இறுக மூடிக்கொள்கிறாள். "அதை அழிச்சிடுங்க," என்கிறாள் பல்லைக் கடித்தபடி. "இப்பவே." கணவனின் கட்டைவிரல் தயங்குகிறது. அழிப்பதற்கு முன் படத்தைப் பெரிதாக்கி, அடுப்பின் குமிழ்களை ஒவ்வொன்றாக அவன் பார்க்கிறான்.