நாற்பத்திரண்டு பெட்டிகள்

காலை வெயில் மரப்பெட்டிகளின் மேல் சாய்வாக விழுகிறது. தேனீ வளர்ப்பவர் ஒவ்வொரு மூடியாகத் திறந்து காட்ட, கணக்கெடுக்க வந்த பெண் எட்டிப் பார்த்துப் படிவத்தில் குறித்துக்கொள்கிறாள். அடையில் தேன் இருக்கிறது. தேனீக்கள் அடிப்பலகையில் செத்துச் சுருண்டு, கருகிய உமி போலக் குவிந்து கிடக்கின்றன. "போன வருஷம் எத்தனை பெட்டிங்க?" "நாப்பத்திரண்டு." "இப்ப உயிரோட?" அவர் கடைசிப் பெட்டியில் காதை வைத்து வெகுநேரம் கேட்கிறார். "ஒண்ணுமில்லம்மா." "என்ன காரணம்னு நினைக்கிறீங்க?" வேலிக்கு அப்பால், பூத்து நிற்கும் வயலில் அவருடைய தம்பி மருந்தடிக்கும் மெஷினை முதுகில் மாட்டிக்கொண்டு நடக்கிறார். அதன் இரைச்சல் இங்கே வரை வருகிறது. "பூ இருக்கறப்ப அடிக்காதேன்னு உங்க தம்பிகிட்ட எத்தனை தடவை..." என்று பக்கத்தில் நிற்கும் அவர் மனைவி ஆரம்பிக்கிறாள். "நீ சும்மா இரு" என்கிறார் அவர், குரல் உயராமல். "தெரியலன்னு எழுதிக்கம்மா." அந்தப் பெண் மனைவியின் முகத்தைப் பார்க்கிறாள், பிறகு எழுதுகிறாள். மனைவி விறுவிறுவென்று வீட்டுக்குள் போய்விடுகிறாள். மெஷினை நிறுத்திவிட்டுத் தம்பி வேலியோரம் வருகிறார். "என்னண்ணே, யாரு வந்திருக்காங்க?" அண்ணன் கடைசிப் பெட்டியின் மூடியைப் போட்டு மூடுகிறார். "துண்டை எடுத்து வாயில கட்டிக்கிட்டு அடிடா" என்கிறார். "மருந்து மூக்குல ஏறப்போகுது."