தாடையை அகலமாக்குங்க

"இன்னும் கொஞ்சம் அகலமா, முதலாளி. தாடை சதுரமா இருக்கணும்."

துக்சூ கணினிச் சுட்டியிலிருந்து கையை எடுத்துவிட்டு அவளைத் திரும்பிப் பார்த்தார். தென்கொரியாவின் சியோல் நகரத்தில், அழகு ஆஸ்பத்திரிகள் நிறைந்த ஒரு தெருவில் இருபது வருடமாக ஸ்டூடியோ வைத்திருப்பவர். வேலைக்கு விண்ணப்பிக்கிறவர்கள், வரன் தேடுகிறவர்கள் எல்லாரும் அவரிடம்தான் வருவார்கள். படமெடுத்து, அவர்கள் கண்ணெதிரிலேயே கணினியில் தாடையைக் குறைப்பார், கண்ணைப் பெரிதாக்குவார், மருவை அழிப்பார். தாடையைக் கூட்டச் சொல்லி இதுவரை யாரும் வந்ததில்லை.

"மேடம், நம்ம தலைக்கு மேல மூணு மாடியும் அழகு ஆஸ்பத்திரி. இந்த மாதிரித் தாடையைச் செதுக்கிக்கத்தான் காலையிலேருந்து வரிசையில நிக்கறாங்க. நீங்க என்னடான்னா..."

"நானும் அந்த வரிசையில நின்னவதான்," என்றாள் ஹேவோன். முப்பத்தெட்டு வயது. விளம்பரப் பலகையிலிருந்து இறங்கி வந்தவள் போல இருந்தாள்.

"ஓஹோ, பழைய முகம் வேணுமா? பழைய படம் ஒண்ணு குடுங்க. அஞ்சு நிமிஷ வேலை."

"ஒண்ணுகூட இல்ல. கட்டுப் பிரிச்ச அன்னைக்கே எல்லாத்தையும் கிழிச்சாச்சு. பள்ளிக்கூட ஆல்பத்துலகூட என் தலையை மட்டும் வெட்டியாச்சு."

"சரியாப்போச்சு. அப்ப ஞாபகத்துலேருந்து சொல்லுங்க. கண்ணு எப்படி?"

"இமை மடிப்பை எடுத்துடுங்க. சட்டையில பொத்தானுக்குக் கீறின ஓட்டை மாதிரி இருக்கும்."

"மூக்கு?"

"மேல யாரோ உக்காந்து எழுந்த மாதிரி."

"தாடை?"

"டோஃபு கட்டி. பன்னீர்த் துண்டு மாதிரி நாலு மூலையும் இருக்கும்."

துக்சூ சிரித்துவிட்டார். "என்ன மேடம், முகத்தைச் சொல்லச் சொன்னா திட்டறீங்க?"

"எனக்கு இவ்வளவுதான் தெரியும். அந்த முகத்தை நான் கண்ணாடியில நேராப் பார்த்ததே இல்ல. ஒருத்தர் சொல்லிச் சொல்லிக் கேட்டதுதான்."

"யாரு அந்தப் பாவி? புருஷனா?"

"அவங்களுக்குத்தான் இந்தப் படம். இதைப் பார்த்து அவங்க நம்பணும். மூணு மணிக்குப் பார்க்கப் போறேன், அதுக்குள்ள வேணும்."

"நம்பலேன்னா?"

ஹேவோன் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தாள். காகிதக் கோப்பையில் அவர் கலக்கிக் கொடுத்த காபி ஆறிப்போய் ஆடை கட்டியிருந்தது.

புருஷனோட ஏதோ வழக்கு போலிருக்கு, என்று நினைத்துக்கொண்டார் துக்சூ. நமக்கெதற்கு? கண்களைச் சின்னதாக்கினார். மூக்கை அமுக்கினார். எலும்பை வைத்து வைத்துத் தாடையை வளர்த்தார். கன்னத்தில் சதை சேர்த்து, வயதில் இருபதைக் கழித்தார்.

திரையில் ஒரு பள்ளிக்கூடப் பெண் வந்து நின்றாள்.

ஹேவோன் நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டாள். திரைக்குப் பக்கத்தில் முகத்தைக் கொண்டுபோனாள்.

"இவ்வளவுதானா?" என்றாள். "இவ்வளவுதானா நான்?"

"நல்லாத்தானே இருக்கு," என்றார் துக்சூ. "பார்த்தா ரெண்டு வார்த்தை பேசலாம்னு தோணுற முகம். இதைப் போயா அறுத்தீங்க?"

அச்சடித்த படத்தை உறையில் போட்டு நீட்டினார். அவள் அதை இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டாள். அவருக்கு மனசு கேட்கவில்லை.

"இப்பவாவது சொல்லுங்க. யாருக்கு இது?"

"அம்மாவுக்கு," என்றாள் ஹேவோன். "முதியோர் இல்லத்துல இருக்காங்க, ஞாபகம் போயிடுச்சு. நான் பள்ளிக்கூடப் பரீட்சை முடிச்ச மறுநாளே கையைப் பிடிச்சு இதே மேல் மாடி ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போனதையும் மறந்துட்டாங்க. இப்ப தினமும் என் முகத்தைப் பார்த்து, 'நீ ரொம்ப அழகா இருக்கேம்மா, ஆனா எனக்கு என் பொண்ணுதான் வேணும்'னு அழறாங்க."